தேள் மார்க் பாக்கெட்

என் வீட்டுக்காரருக்கு விருச்சிக ராசி. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், காரியம் கெட்டதில் அதற்கும் பங்கு உண்டு.

சேதராப்பட்டில் ஒரு பெயிண்ட் கம்பெனியில் அவருக்கு வேலை. தின்னர் நெடி மூக்கைத் துளைக்கும் இடம். பீடி, தீப்பெட்டி எல்லாவற்றையும் வாட்ச்மேன் கேட்டிலேயே வாங்கி வைத்துக்கொள்வார். அதனால் உள்ளே போகிறவர்களில் பலர் பீடியை விட்டுப் புகையிலைப் பாக்கெட்டுக்கு மாறியிருந்தார்கள். ஒரு சிட்டிகை எடுத்துக் கசக்கிக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டால் வேலை பாட்டுக்கு ஓடும். பீடி போய்த் தொலைந்ததே என்று நானும் முதலில் சந்தோஷப்பட்டேன். வீட்டில் புகை இல்லை, சட்டையில் ஓட்டை இல்லை.

இரண்டாயிரத்து ஒன்பதில் பாக்கெட்டுகளில் படம் வர ஆரம்பித்தது. சிகரெட்டிலும் பீடிக்கட்டிலும் கெட்டுப்போன நுரையீரல். புகையிலைப் பாக்கெட்டில் தேள். விஷம் என்று காட்டத்தான் சர்க்கார் தேளைப் போடச் சொன்னதாம், பிறகு ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் எனக்கே தெரியும். எங்கள் தெருவில் யாருக்கும் அது உறைக்கவில்லை. நாங்கள் எதையும் மார்க் பார்த்து வாங்கிப் பழகியவர்கள். கிளி போட்ட தீப்பெட்டி, யானை போட்ட அரிசி. கம்பெனிக்காரன் புது மார்க் போட்டிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டோம். எல்லாக் கம்பெனிப் பாக்கெட்டிலும் ஒரே தேள் எப்படி வரும் என்று யாரும் யோசிக்கவில்லை. அவரவர் வாங்குவது ஒரு கம்பெனிதானே.

அவருக்கோ தலைகால் புரியவில்லை. பாக்கெட்டை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"பாத்தியா, என் ராசியவே போட்டுட்டான்."

அப்போதே அவருக்கு இடது கன்னத்தின் உள்ளே ஒரு புண் இருந்தது. காரம் பட்டால் துடித்துப்போவார். பெரிய மார்க்கெட்டில் பார்த்துப் பார்த்து வாங்கிய மீனை மிளகாயே இல்லாமல் குழம்பு வைத்தாலும் தட்டைத் தள்ளிவிடுவார். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். அவர் பதிலைத் தயாராக வைத்திருந்தார்.

"பீடிக்காரனுக்கு நுரையீரலு போட்டுருக்கான். எங்களுக்கும் ஆபத்துன்னா வாயப் போட்டுருப்பான் இல்ல? நமக்கு வெறும் தேளு. நான் என்னா, தேளையா திங்குறேன்?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால் அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. அந்தப் படத்தைப் போட்டவர்கள் எங்களைப்போல ஒரு ஆளைக் கூப்பிட்டு, இது என்னவென்று தெரிகிறதா என்று கேட்டிருக்கக்கூடாதா? அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

தீபாவளி வாக்கில் இட்லியைப் பிட்டுக்கூட வாய்க்குள் வைக்க முடியாமல் போனது. வாய் இரண்டு விரல் நுழையும் அளவுக்குத்தான் திறந்தது. அன்றைக்கு அவரே சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, போலாம்" என்றார்.

ஆஸ்பத்திரியில் சின்ன வயசு டாக்டரம்மா ஒருவர் டார்ச் அடித்துப் பார்த்தார். புற்றுநோய் என்பதை மெதுவாகச் சொல்லிவிட்டு, நோய் வந்த வாய்களின் போட்டோக்களை எடுத்துக் காட்டினார். என் வீட்டுக்காரர் ஒவ்வொன்றாக வெகுநேரம் பார்த்தார்.

"இதப் போட்டுருந்தா புரிஞ்சிருக்குமேம்மா" என்றார். டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார்.

ஆபரேஷனில் கன்னத்தில் பாதியையும் தாடையில் ஒரு துண்டையும் எடுத்தார்கள். கூட வேலை செய்த நண்பர் ஒருவர் பார்க்க வந்தார். கட்டிலைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதார். அவர் போன கொஞ்ச நேரத்தில் வெந்நீர் வாங்க நானும் வெளியே வந்தேன். எதிர்ப் பெட்டிக்கடை ஓரமாக நின்று அந்த ஆள் பாக்கெட்டைக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"மனசு கேக்கல அண்ணி. அதான்."

கையைத் தட்டிவிட்டேன். தூள் மண்ணில் கொட்டியது. அவர் நடந்து போய்விட்டார். திரும்பி வந்து கட்டிலில் இருந்தவரிடம் சொன்னேன். கண்ணை மூடிக்கொண்டார்.

சில நாள் கழித்து டாக்டரம்மா ஒன்று கேட்டார். ஊர் ஊராகப் போய்ச் சனங்களுக்குக் காட்ட இவர் முகத்தைப் போட்டோ எடுத்துக்கொள்ளலாமா? ஆள் தெரியாதபடி கண் மேல் கறுப்புப் பட்டை போட்டுவிடுவார்களாம்.

"வேணாம்மா" என்று நான் முந்திக்கொண்டேன். கல்யாணப் போட்டோவில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்கிற மனுஷன். இந்த முகத்தை ஊரெல்லாம் பார்ப்பதா?

அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். ஏதோ சொன்னார். ஆபரேஷனுக்குப் பிறகு அவர் பேச்சு என்னைத் தவிர யாருக்கும் விளங்காது. டாக்டரம்மா என் முகத்தையே பார்த்தார். வேண்டாம் என்று சொன்ன வாயாலேயே நான் அதைச் சொல்ல வேண்டியிருந்தது.

"எடுத்துக்கலாமாம். கண்ண மட்டும் மறைக்க வேணாமாம். மறைச்சா இதையும் மார்க்குன்னு நெனச்சிக்குவானுங்களாம்."

முகத்துக் கட்டை அவிழ்த்தார்கள். கேமராவோடு ஒருவர் வந்து ஜன்னல் பக்கம் நின்றார். என் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்ட கடைசிப் போட்டோ அதுதான். முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தவர், என் பக்கம் திரும்பி இன்னொன்று சொன்னார். அதை நான் யாருக்கும் எடுத்துச் சொல்லவில்லை.

"தலைய வாரி வுடு."

பையிலிருந்து சீப்பை எடுத்து, வகிடு எடுத்து, வாரிவிட்டேன்.