இன்னொண்ணு சார் பயணியான கதை

பயிற்சி மையத்தில் அவருக்கு 'இன்னொண்ணு சார்' என்றே பெயர் விழுந்துவிட்டது. முன்னாள் விமானி, இப்போது சிமுலேட்டர் பயிற்றுநர். சிமுலேட்டர் என்றால், நெட்டைக் கால்களில் நின்று ஆடும் ஒரு பெட்டி. உள்ளே அசல் விமானத்தின் முன்னறை. விமானிகளின் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, திரையைத் தொட்டுத் தொட்டு ஆபத்துகளைப் பரிமாறுவது அவர் வேலை. ஒரு கோளாறை அவர்கள் சமாளித்து மூச்சு விடுவதற்குள், "இன்னொண்ணு குடுக்கட்டுமா?" என்று விருந்தாளியைக் கேட்பதுபோல் வாஞ்சையாகக் கேட்பார்.

பயிற்சி முடிந்ததும் பக்கத்து அறையில் அலசல் நடக்கும். "அந்த முடிவு ஏன் எடுத்தீங்க? அப்ப மனசுல என்ன ஓடுச்சு?" என்று நிதானமாகத் துருவுவார். பதறியவர்களிடம் மட்டும் கொஞ்சம் கறார். "கையைக் கட்டிக்கிட்டு யோசிங்க. அப்புறம் எதையாவது தொடுங்க" என்பார்.

அன்று காலை வந்தவர்கள் ஒரு பெண் கேப்டனும், அவருடைய ஒல்லியான துணை விமானியும். திரையில் விமானம் மேலே ஏறியதும் சார் வலது என்ஜினில் தீ வைத்தார். மணி அலறியது. இருவரும் பதறாமல் வேலையைத் தொடங்கினார்கள். சார் திருப்தியாகத் தலையாட்டிக்கொண்டிருந்தபோது இன்னொரு மணி அடித்தது.

அது அவர் வைத்த மணி இல்லை. கட்டடத்தின் மணி. கதவிடுக்கு வழியாகக் கருகல் வாசனையும் வந்தது. சார் துள்ளி எழுந்தார்.

"நெருப்பு! நெருப்பு!"

"பாத்துட்டோம் சார்" என்றார் கேப்டன், திரும்பாமலேயே.

"அது இல்லம்மா! இது நிஜ நெருப்பு!"

துணை விமானி கிசுகிசுத்தான்: "பயணி மாதிரி நடிக்கிறாரு. இது புதுசு."

"நீ கவனிச்சுக்கோ" என்றார் கேப்டன்.

அவன் குரலில் தேனைத் தடவிக்கொண்டான். "ஐயா, பயப்படாதீங்க. உக்காந்து பெல்ட்டைப் போடுங்க. இதோ இறங்கிடுவோம்."

சார் கதவுக்கு ஓடினார். ஏறிவந்த பாலம் அந்தப் பக்கம் தூக்கி நின்றது. குதித்தால் கால் முறியும். திரும்ப ஓடிவந்து, எல்லாவற்றையும் நிறுத்தும் பொத்தானை அழுத்தப் போனார். அவசரத்தில் பக்கத்துப் பொத்தான் அமுங்கியது. இடது என்ஜினும் செத்தது.

"இதுவும் போச்சு" என்றான் துணை விமானி.

கேப்டன் ஒரு கணம் வெளியே பார்த்தார். "ஓடுபாதைக்கு எட்டாது. ஆத்துல இறக்கறேன்."

பெட்டி முன்னால் சாய்ந்தது. கண்ணாடி முழுக்க ஆறு பெருத்துக்கொண்டே வந்தது. நெருப்பில் சாவதா, நீரில் சாவதா என்ற குழப்பத்தில் சார் கேப்டனின் இருக்கையைக் கட்டிக்கொண்டு, "அடியே, நான் போறேன்டி!" என்று வீட்டில் இருந்த மனைவியை நோக்கி அலறினார்.

அலுங்காமல் இறங்கினார்கள். ஆட்டம் நின்றது, பாலம் இறங்கியது. முதலில் வெளியே பாய்ந்தவர் சார்தான்.

வாகன நிறுத்தத்தில் ஊழியர்கள் எல்லோரும் கூடி நின்றார்கள். கணக்காளர் ரொட்டியை டோஸ்டரில் வைத்துவிட்டு போன் பேசப் போயிருக்கிறார். தீயணைப்பு வீரர் ஒருவர் அந்தக் கரித்துண்டை இடுக்கியால் பிடித்தபடி வெளியே வந்தார்.

உள்ளே போகத் தடை. ஆனாலும் அலசலைத் தள்ளிப்போடக் கூடாது என்பது மையத்தின் விதி. மூவரும் நடைபாதை ஓரத்தில் உட்கார்ந்தார்கள். நடந்தது புரிந்துவிட்ட கேப்டன், சிரிப்பை அடக்கிக்கொண்டு கேட்டார்:

"அப்ப உங்க மனசுல என்ன ஓடுச்சு சார்?"

சார் கையைக் கட்டிக்கொண்டார். "மனசுல ஒண்ணுமே ஓடலம்மா. நான்தான் ஓடினேன்."

பயிற்சி பற்றிய படிவத்தில் கேப்டன் தன் கருத்தை மனதாரத்தான் எழுதினார்: இப்படி ஒரு பயணியை வைத்துக்கொண்டு முடிவெடுப்பது அருமையான பயிற்சி. நிர்வாகத்துக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. எல்லாப் பயிற்சியிலும் சார் ஒருமுறை கதற வேண்டும் என்று உத்தரவு வந்தது.

மறுவாரம் தொண்டை கிழியக் கதறினார். தரையில்கூட உருண்டார். பயிற்சிக்கு வந்தவர்கள் அலசலில் தயங்கித் தயங்கிச் சொன்னார்கள்:

"தப்பா எடுத்துக்காதீங்க சார். பயணி கொஞ்சம் மிகையா நடிக்கிறாரு. நம்பற மாதிரி இல்ல."