திரிபலைப் பலகை

போன செவ்வாய்க்கிழமை என் வீட்டில் காளான் பூத்தது. தோட்டத்தில் இல்லை... சுவரில்! ஒன்றிரண்டும் இல்லை — குழம்பு வைக்கிற அளவுக்கு.

இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிறவர்களுக்கு ஞாபகமிருக்கும். 'த்ரீ-ப்ளை' பலகையை இதே இடத்தில் வானளாவப் புகழ்ந்திருந்தேன். மெல்லிய மரத்தகடுகள் மூன்றைப் பசை போட்டு ஒட்டிய பலகை. யுத்தத்துக்காகத் தேக்கையெல்லாம் பட்டாளம் அள்ளிக்கொண்டு போய்விட்டதே, வேறு என்ன செய்ய? "தேக்கைவிட உழைக்கும் சார்" என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க் கடைக்காரர் சத்தியம் செய்தார். விற்கிறவர் பொய்யா சொல்வார்?

எனக்கு அவசரம். மகள் ராஜம் பிரசவத்துக்கு ராஜபாளையம் வருகிறாள். போன பிரசவத்தில் ஈர அறையில் படுத்து, ஜன்னி கண்டு, பிழைத்ததே மறுபிறவி. அவளுக்காகப் பின்கட்டில் பலகையால் ஓர் அறை தடுத்தேன். தரைக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசச் சேத்தூர்க் கொத்தனார் மாடசாமி. மனைவி மகளை அழைத்துவரச் சம்பந்தி வீட்டுக்குப் போக, நான் வத்திராயிருப்பில் ஒரு கல்யாணத்துக்குப் போனேன். கல்யாணம் ஐந்து நாள். சாப்பாடு பிரமாதம் என்பதால் நான் இருந்தது பதினைந்து நாள்.

திரும்பி வந்தால்... பலகை உப்பி, தகடு தகடாகப் பிரிந்து, பச்சையும் கறுப்புமாகப் பூஞ்சை, நடுவே கொத்துக் கொத்தாகக் காளான்! மாடசாமி வாளியும் கையுமாக அதன்மேல் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"என்னய்யா செய்யுதீரு?"

"நனைக்கேன் சாமி. எம்புட்டு ஊத்துனாலும் இறுக மாட்டேங்குதே!"

"பலகைக்கு எதுக்குய்யா தண்ணி?"

"நீங்கதான பேப்பர்ல எழுதியிருந்திய, திரிபலைப் பலகைன்னு? திரிபலையில கடுக்காய் இருக்குல்லா? கடுக்காய் போட்ட சரக்கு தண்ணி குடிச்சாத்தான சாமி இறுகும்?"

பழைய இதழைத் தேடி எடுத்தேன். 'த்ரீ-ப்ளை'யை அச்சுக்கோப்பவர் 'திரிபலை' என்று திருத்தியிருந்தார். என் எழுத்தில் பிழை என்று நினைத்தாராம்!

கொத்தனாரைக் குறை சொல்லலாமா? சாந்தில் கடுக்காய்த் தண்ணீர் விட்டு, நாள் கணக்கில் நனைத்துத்தான் நம் ஊர்ச் சுவரெல்லாம் நிற்கிறது. அவர் தொழில் தெரிந்தவர். நான்தான் அச்சில் வந்த என் பத்தியையும் பார்க்காமல் பலகையையும் பார்க்காமல் பந்தியில் உட்கார்ந்திருந்தவன். அவர் ஊற்றாவிட்டால் மட்டும் என்ன? ஐப்பசி மழையும் மலைக்காற்றும் இதே வேலையைச் செய்திருக்கும் — பச்சைப்பிள்ளை உள்ளே படுத்திருக்கும்போது. மாடசாமி முந்திக்கொண்டது என் அதிர்ஷ்டம்.

மறுநாள் மகளோடு மனைவி வந்து இறங்கினாள். அறையை எட்டிப் பார்த்தாள்; மாடசாமி சொன்ன கதையையும் முழுக்கக் கேட்டாள். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"நீங்க எழுதுத ரூம்பு நல்லா காஞ்சுதான கெடக்கு? அவ அங்கன படுக்கட்டும். நீங்க இங்கன இருந்து எழுதுங்க... ஒங்க சரக்காவது இறுகுதான்னு பார்ப்போம்."

மகள் சுகம். நான் காளானுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அச்சுக்கோக்கும் ஐயா, ஒரு எழுத்தையும் திருத்தாதீர்கள் — மாடசாமி இதையும் படிப்பார்!