இரண்டாயிரம் அடி

எங்கள் கிளினிக்கில் அதிர்வலை மெஷின் அக்காவின் பொறுப்பு. குதிகால் வலி என்று வருகிறவர்களுக்கு ஜெல்லைத் தடவி, துப்பாக்கி மாதிரியான கைப்பிடியை வைத்து அழுத்துவாள். டக்டக்கென்று ஒரு தடவைக்கு இரண்டாயிரம் அடி. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து ஆட்களைக் கூப்பிடும் எனக்கே பல் கூசும்.

அக்கா முன்பு ஒரு துணிக்கடையில் ஆறு வருஷம் நின்றவள். நின்றவள் என்றால் நின்றவள்தான். பன்னிரண்டு மணி நேரமும் உட்காரக் கூடாது. குதிகால் விண்விண்ணென்று தெறிக்க, ஒருநாள் வீட்டிலிருந்து முக்காலி கொண்டுபோனாள். சூப்பர்வைசர் அதை எல்லார் முன்னாலும் காலால் எத்திவிட்டு, "அதெல்லாம் பழகிடும்" என்றான். அந்த ஒரு வார்த்தைக்காகக் கறுவிக்கொண்டேதான் அவள் இந்த பிசியோதெரபி படிப்பைப் படித்து முடித்தாள்.

ஒருநாள் அவனே நொண்டிக்கொண்டு வந்து நின்றான். அவனுக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. அவளுக்கா தெரியாது?

"மாட்டினான்டி" என்றாள் என் காதில்.

டாக்டர் எழுதிய அளவை மீறவில்லை. ஆனால் அதன் உச்சத்திலேயே வைத்து அடித்தாள். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவன் அலறினான்.

"பத்துக்கு எவ்வளவு வலி சார்?"

"பத்தும்மா, பத்து!"

அன்றைக்கு அக்கா முகத்தில் இருந்த களை இருக்கிறதே! எனக்கும், அவனுக்கு நன்றாக வேண்டும் என்றுதான் இருந்தது.

ஆனால் இந்தப் பாழாய்ப்போன மெஷின் அடிக்க அடிக்கக் குணமாக்குகிறது. வாரம் ஒரு தடவை வந்தவனுக்கு ஐந்தாம் வாரம் நொண்டலே இல்லை. அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை.

"என் கையாலேயே அவனை நல்லாக்கிட்டேனேடி" என்று பொருமினாள்.

கடைசி நாளும் அதே கேள்வியைக் கேட்டாள்.

"சுத்தமா வலியே இல்ல டாக்டரம்மா! எவ்வளவு நேரம் வேணா நிப்பேன்!"

அக்கா அதை எழுதிக்கொண்டாள். அதன்பிறகுதான் அவன் குழைந்தான்.

"கடையில நாற்காலி கேட்டா முதலாளி தரமாட்டேங்கிறாரு. நின்னு வேலை செய்யக் கூடாதுன்னு ஒரு சீட்டு குடுத்தீங்கன்னா..."

அக்கா ஒரு சீட்டு எழுதி, முத்திரை குத்தி நீட்டினாள். அவன் வாய்விட்டுப் படித்தான்.

"வலி இல்லை. நின்று வேலை செய்யத் தடை இல்லை... என்னம்மா இது? நாள் பூரா நின்னா திரும்ப வந்துடாதா?"

"அதெல்லாம் பழகிடும்."

அவன் சீட்டிலிருந்து தலையைத் தூக்கி, முதல் தடவையாக அவள் முகத்தைப் பார்த்தான். என்னவோ சொல்ல வாயெடுத்தான். நான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.