சீட் போட்டாங்க

தமிழில் சீட்டு என்பது கைகட்டி நிற்கிற சொல் அல்ல. அதை ஆடலாம், குலுக்கலாம், துண்டு போட்டுப் பிடிக்கலாம். பிடிக்காத ஆளுக்குக் கிழிக்கவும் கிழிக்கலாம். ரேஸ்காரர் என்று தெரு முழுக்க அழைக்கிற மனிதருக்கு மட்டும் அது தொண்டையில் நின்ற மீன்முள். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அப்படியே கல்யாணம் செய்து, மகளைப் பெற்று, வளர்த்து ஆளாக்கியும் விட்டார்.

ரேஸ்காரருக்கு வேலை ஓட்டுநர் பள்ளியில். கற்றுக்கொள்கிறவருக்கு ஒரு பிரேக், பக்கத்தில் உட்காரும் இவர் காலடியில் இன்னொரு பிரேக் என்று இரட்டைப் பிரேக் வைத்த கார். அந்தக் காரை ஆம்புலன்ஸ் முந்தும், சைக்கிள் முந்தும், கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் புறப்பட்ட மருமகள் நடந்தே முந்துவாள். "கிளட்ச்ச மெதுவா விடும்மா, மெதுவா" என்பதுதான் நாள் முழுக்க அவர் ஓதும் மந்திரம். வேகத்தின் மீது அவருக்கு ஏதோ பழைய பகை என்று மாணவர்கள் நினைத்துக்கொள்வார்கள். பகை இல்லை. அது முறிந்துபோன சம்பந்தம்.

ஏனென்றால் ஒரு காலத்தில் அந்த மனிதர் நிஜமாகவே வேகமானவர். இதில் கேலி இல்லை. சின்னப் பந்தயங்களில், மழை பிடித்து மற்றவர்கள் ஆக்சிலேட்டரிலிருந்து காலைத் தூக்கும் வளைவுகளில், இவர் தூக்கமாட்டார். டயர் வழுக்கப் போவது காதுக்குத் தெரியாது, இடுப்புக்குத்தான் முதலில் தெரியும் என்பார். அவர் இடுப்பு அத்தனை கெட்டிக்கார இடுப்பு. அதைக் கேள்விப்பட்டுத்தான் பெரிய குழு ஒன்று கூப்பிட்டு அனுப்பியது. சக்கரங்கள் நான்கும் வெளியே துருத்திக்கொண்டு நிற்க, நடுவில் ஒரே ஒரு ஆள் மட்டும் உட்காரும் கார். அந்த வகையில் அதற்கு மேல் ஒரு படி கிடையாது.

அந்தக் காரில் கடையில் வாங்கிய சீட் இருக்காது. ஓட்டுகிறவரைக் குழிக்குள் உட்கார வைத்து, முதுகுக்குப் பின்னால் ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைச் செருகி, அதற்குள் நுரைக்கும் திரவம் ஒன்றை ஊற்றுவார்கள். அது பொங்கி, முதுகெலும்பு, விலா, இடுப்பு எல்லாவற்றையும் அணைத்துக்கொண்டு இறுகும். அதுவரை மூச்சைக்கூட அளந்து விட வேண்டும். அந்த வேலைக்குப் பட்டறையில் ஒரு பெயர் உண்டு: சீட் போடுவது.

இவருக்கும் சீட் போட்டார்கள். எழுந்து திரும்பிப் பார்த்தபோது தன் முதுகையே முதல்முறையாக நேருக்கு நேர் பார்த்தது போலிருந்தது என்று பிற்பாடு சொன்னார்.

பிறகு இன்னொரு ஓட்டுநர் வந்தார். அவர் தனியாக வரவில்லை, காருக்குப் பணம் போடும் ஓர் எண்ணெய் கம்பெனியைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தார். காரின் பக்கவாட்டில் கம்பெனியின் பெயர் ஏறியது, இவர் இறங்கினார். ஓட்டாத காரிலிருந்து எப்படி இறங்கினார் என்று கேட்கக்கூடாது. மேலே போகிற ஏணியில் இந்த மாதிரி அதிசயமெல்லாம் நடக்கும்.

கதை இதோடு முடிந்திருந்தால் நாலு பேர் உச்சுக்கொட்டியிருப்பார்கள். வெட்கப்பட ஒன்றும் இருந்திருக்காது. வெட்கம் பெண் வீட்டார் வந்த அன்றைக்குப் பிறந்தது.

அந்த வீட்டின் மூத்த மாப்பிள்ளைக்கு டயர் வியாபாரம். கார் என்றால் உயிர். அவர்தான் ஆரம்பித்தார்.

"ஒரே ஆள் உக்கார்ற கார் ஒண்ணு இருக்கே, டிவில எல்லாம் வருமே. அந்த லெவலுக்குப் போயிருக்கீங்களா மாப்ளே?"

"அதுல எனக்கு சீட் போட்டாங்க" என்றார் ரேஸ்காரர்.

சத்தியமான வாக்கியம். ஒரு எழுத்து பொய் கிடையாது. ஆனால் பட்டறைக்கு வெளியே இருப்பவர்களுக்கு சீட் போட்டார்கள் என்றால் இடம் கொடுத்தார்கள் என்றுதான் அர்த்தம். பெண்ணின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். டயர்க்காரர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஓரத்தில் நின்ற பெண் தலையைத் தூக்கி ஒரு பார்வை பார்த்தாள். ரேஸ்காரரிடம் இரண்டாவது வாக்கியம் ஒன்று தயாராக இருந்தது: 'ஆனா ஓட்டல.' அந்த நேரம் பார்த்து டீ வந்தது. வாக்கியம் டீயோடு உள்ளே போய்விட்டது.

அதற்குப் பிறகு அவர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. பாவம், அந்தச் சிரமத்தை மற்றவர்கள் எடுத்துக்கொண்டார்கள். சகலை ஆகிவிட்ட டயர்க்காரர், இவர் ஓட்டிய நாடுகள் என்ற பட்டியலில் வருடத்துக்கு ஒரு நாட்டைச் சேர்த்தார். மாமனார் மூன்றாம் பரிசு வாங்கிக் கொடுத்தார். மனைவி தன் அக்காவிடம் எதில் தோற்றாலும் இதில் ஜெயித்தாள். அப்போதெல்லாம் ரேஸ்காரர் இருமுவார். குடும்பத்தில் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். மகள் 'என் அப்பா' என்று கட்டுரை எழுதிப் பரிசு வாங்கி, அப்பாவையும் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய், அவர் எதிரில் அதை வாசித்துவிட்டு, பேசச் சொன்னாள். அவர் டயரில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும் என்பதை மட்டும் விளக்கிவிட்டு வந்தார். அன்றைக்கு மகள் முகத்தைப் பார்க்க முடியாமல் ஓடாத கடிகாரத்தைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

சகலை இப்போது ஒரு பெரிய ஷோரூம் திறந்தார். திறப்பு விழாவுக்கு வருவது யார் தெரியுமா என்று போனில் கேட்டார்.

"உங்க ஆளுதான் சகலை. அதே டீம், அதே கார். ரெண்டு பேரையும் ஒரே மேடையில உக்கார வைக்கிறேன். நீங்களாச்சு, அவராச்சு."

எண்ணெயோடு வந்தவர்தான் விருந்தினர்.  அந்த வாரம், மாணவி ஒருத்தி நிறுத்தியிருந்த காரை எடுக்கும் முன்பே ரேஸ்காரர் பிரேக்கை மிதித்தார்.

விழா அன்று ஷோரூமின் பின்பக்கம், அடுக்கி வைத்த டயர்களின் மறைவில், அவர் தன் வாழ்க்கையின் மிகக் கேவலமான வேலையைச் செய்தார். தன் இடத்தைப் பறித்துக்கொண்ட ஆளிடமே போய்க் கை கட்டி நின்றார். வந்தவர் தொந்தி வைத்து, ஒரு பக்கமாகச் சாய்ந்து நடந்தார்.

"சார், ஒரு உதவி. வீட்ல எல்லாரும் நான் அந்தக் காரை ஓட்டினேன்னு நினைச்சிட்டு இருக்காங்க. மேடையில ஏதாவது..."

வந்தவர் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு டயர் அடுக்கில் சாய்ந்தார்.

"எங்க வீட்லயும் அப்படித்தான் நினைச்சிட்டு இருக்காங்க" என்றார். "நான் அதை ஓட்டல, அதுதான் என்னை இழுத்துட்டுப் போச்சு. ஒவ்வொரு ரேஸ்லயும் கடைசி. உங்க பொய் எவ்ளோ தூரம் போயிருக்கோ, என்னுதும் அவ்ளோ தூரம் போயிருக்கு. விடுங்க, பாத்துக்கலாம்."

மேடையில் மைக்கைப் பிடித்து அவர் பேசியது இதுதான்: "இவரோட சீட்லதான் நான் உக்காந்தேன். வேற போட நேரம் இல்ல. ஆனா அந்த சீட்டுக்கு நான் பொருந்தவே இல்ல. அந்த வலி இன்னிக்கு வரைக்கும் இடுப்புல இருக்கு."

இடுப்புவலிக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை. இன்னொருவர் முதுகுக்கு வார்த்த குழியில் உட்கார்ந்து பந்தயம் ஓட்டினால் இடுப்பு போகத்தான் செய்யும். கூட்டம் அதை வேறு மாதிரி கேட்டது. ஜாம்பவான் விட்டுப்போன இடத்துக்கு வந்தவரின் பணிவு என்று கைதட்டியது. சகலை கண்ணைத் துடைத்துக்கொண்டார். முன் வரிசையில் மனைவி அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் பார்வை இன்னும் பத்து வருடத்துக்குத் தாங்கும். ரேஸ்காரர் மட்டும் மேடையில், நாற்காலியின் நுனியில், யாரோ ஒருவரின் பெட்டிக்குக் காவல் இருப்பவர் போல உட்கார்ந்திருந்தார்.

திரும்பும்போது ஓட்டுநர் பள்ளிக் காரை மகள் ஓட்டினாள். அவர் வழக்கம்போல இரண்டாவது பிரேக் பக்கம். மனைவி பின்சீட்டில்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். உங்க சீட்ல அவர் எதுக்கு உக்காந்தார்? அப்ப நீங்க எங்க போனீங்க?"

"என்னடி கேள்வி இது" என்றாள் மனைவி. "அப்பா விட்டுக் கொடுத்திருப்பாரு. அவர் சுபாவம் தெரியாதா?"

இருமினால் போதும். இத்தனை வருடம் காப்பாற்றிய இருமல். வாயைத் திறந்தார், இருமல் வரவில்லை.

"விட்டுக் கொடுக்கல. நான் அதுல உக்காந்ததே அளவெடுக்கத்தான். தையக்கடையில சட்டைக்கு அளவு கொடுத்தேன், சட்டையை வேற ஆளு போட்டுட்டுப் போயிட்டான். அவ்வளவுதான். அந்தக் காரை நான் ஒரு அடி ஓட்டினதில்ல."

சிக்னலில் கார் நின்றது. பச்சை விழுந்தும் நின்றது. பின்னால் ஹாரன்கள் கத்தின.

"நீங்க கடைசியா வந்திருந்தாலும் எனக்குப் பரவாயில்லப்பா" என்றாள் மகள். "ஓட்டவே இல்லன்னாலும் பரவாயில்ல. அந்தக் கட்டுரைய வாசிச்சப்ப நீங்க எதிர்லதான உக்காந்திருந்தீங்க?"

அவர் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.   பின்சீட்டிலிருந்து மனைவி, திட்டும் குரலில் கூட இல்லை, வெறும் குரலில் கேட்டாள்.

"இத எங்க அக்காகிட்ட யாரு சொல்றது?"

மகள் இண்டிகேட்டர் போட்டாள். வீட்டுப் பக்கம் போகாமல் வண்டியைத் திருப்பி வந்த வழியே எடுத்தாள். ரேஸ்காரரின் கால் பழக்கத்தில் பிரேக்குக்குப் போனது. மிதித்தால் கார் நின்றுவிடும், அதற்காகத்தான் வைத்திருக்கிறார்கள். அவர் காலை எடுத்துக் கீழே விரிப்பின் மேல் வைத்துக்கொண்டார்.

ஷோரூமில் நாற்காலிகளை மடக்கிக்கொண்டிருந்தார்கள். அக்கா மேடைத் துணியைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வாசலில் ரேஸ்காரரின் படம் போட்ட பேனர், படத்துக்குக் கீழே சகலை சேர்த்த நாடுகள் எல்லாம் வரிசையாக.

"என்ன சகலை, திரும்பி வந்துட்டீங்க?" என்றார் டயர்க்காரர். "எதையாவது விட்டுட்டீங்களா?"

"ஆமா" என்றார் ரேஸ்காரர். "ரொம்ப நாள் முன்னாடி ஒரு வார்த்தைய விட்டுட்டேன்."

சகலை சிரித்தபடி, மடக்கின நாற்காலி ஒன்றை மறுபடி விரித்து அவர் பக்கம் தள்ளினார்.

"உக்காந்து சொல்லுங்க."

அவர் உட்காரவில்லை. நின்றபடியே ஆரம்பித்தார்.

"சீட் போடுறதுன்னா என்னன்னு முதல்ல சொல்லிடறேன்."