மஞ்சள் தண்ணீர் குடித்த பாட்டு டப்பா

செல்லியம்மாள் என்று புளி விற்கும் ஒரு அம்மா, சந்தை நாளில் மலைக்குள்ளிருந்து ஜமுனாமரத்தூருக்கு வருவார். ஒரு தடவை தன் பட்டன் போனைத் தீர்த்தகிரியின் கடையில் வைத்து, "போனு செத்துப்போச்சு சாமி. திருப்பூர்ல கீற எம்புள்ள பேசுறதே இல்ல. இன்னான்னு பாரு" என்றார்.

அவன் போனைத் திறந்தான், ஊதினான், மூடினான். போனில் ஒரு கோளாறும் இல்லை. பக்கத்தில் பூவும் கற்பூரமும் விற்கிற எனக்கே அது தெரியும். காலையில்தான் யாரோ நம்பர் தப்பாகக் கூப்பிட்டு, அந்த அம்மா அதே போனில் அந்த ஆளைத் திட்டித் தீர்த்திருந்தார்.

"ஒரு ஒயர் வுட்டுப்போச்சும்மா. நீ போயி பூ வாங்கிக்கினு வா, ஒட்டி வெக்கிறேன்" என்று அனுப்பிவிட்டு, கடைக்குப் பின்பக்கம் போய்த் தன் போனில் யாரையோ பிடித்தான். "டேய், உங்கம்மா போனு நல்லாத்தான் கீது. நீதான்டா ரிப்பேரு" என்பது மட்டும் என் காதில் விழுந்தது. செல்லியம்மாள் பூவோடு திரும்பி வரவும் போன் அடித்தது. "கைராசிக்காரன்!" என்று அவனுக்குத் திருஷ்டி கழித்தார். அவன் தலையைக் குனிந்து வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

தீர்த்தகிரியைப் பற்றி யாரைக் கேட்டாலும் டப்பாவிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அதனால்தான் நான் வேறு இடத்தில் ஆரம்பித்தேன். இனி டப்பாவுக்கு வருகிறேன்.

அவன் மலைக்காரப் பிள்ளை. அவன் வீட்டில் சாமையும் புளியுமாக விவசாயம். இவன் மட்டும் ஐ.டி.ஐ. படித்துவிட்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை போட்டான். வேலூருக்கோ பெங்களூருக்கோ சாமான் வாங்கப் போனால், பழைய இரும்புக்காரர்களிடம் கையில் பிடித்து விளையாடும் பழைய கேம் டப்பாக்களைத் தேடிப் பிடித்து வருவான். செங்கல் பருமனில், சாம்பல் நிறத்தில், எந்தப் பிள்ளையும் இப்போது தொடாத டப்பாக்கள். பேட்டரி கக்கி, பச்சை பூத்து, செத்துக் கிடக்கும். எலுமிச்சம்பழச் சாறும் பல் தேய்க்கிற பிரஷுமாக உட்கார்ந்து அவற்றுக்கு உயிர் கொடுப்பான்.

விளையாட இல்லை, பாட்டுப் போட.

"இதுக்குள்ள நாலு தொண்ட கீதுக்கா" என்று ஒருநாள் எனக்கு விளக்கினான். "ரெண்டு பாடும். ஒண்ணு அடித்தொண்டையில முக்கும். இன்னொண்ணுக்குப் பாடத் தெரியாது, உஸ்ஸுன்னு காத்துதான் வுடும். அத்த வெச்சு நான் பம்பை அடிச்சிடுவேன்."

அப்படியே அடித்தும் காட்டினான். பம்பை மாதிரியும் இருந்தது, பம்பையைத் தகர டின்னுக்குள் அடைத்த மாதிரியும் இருந்தது. திரைக்கு வெளிச்சம் போட்டால் பாட்டுக்குள் கொசு இரைகிறது என்று ஒரு வாரம் சோறு தண்ணி மறந்து கிடந்தான். சத்தம் வெளியே வர ஓர் ஓட்டை, சுதியை ஏற்றி இறக்கத் திருகு வைக்க இன்னோர் ஓட்டை என்று டப்பாவைக் குடைந்தான். நன்றாக இருந்த டப்பாக்களும் அவன் கையில் திருந்தித் திருந்தியே செத்தன. கடைசியில் ஒன்றுதான் முழுதாகத் தேறியது. ஊர் அவனுக்குச் சில்வண்டு என்று பேர் வைத்தது.

இந்த மாதிரி டப்பாவில் பாட்டுப் போடுகிறவர்கள் பெங்களூரில் ஒரு கூட்டமே இருக்கிறார்களாம். இவன் போனில் போட்டுவிட்ட துண்டைக் கேட்டுவிட்டு, வந்து மேடையில் வாசி, இங்கேயே வேலையும் பார்த்துத் தருகிறோம் என்று கூப்பிட்டார்கள். இவன் போகவில்லை. முதல் டப்பா உயிர் பெற்ற அன்றைக்கே, முதல் பாட்டு நம் காளியம்மனுக்குத்தான், திருவிழாவில் அவள் முன்னால் வைத்த பிறகுதான் வெளியே வாசிப்பேன் என்று நேர்ந்துகொண்டிருந்தான். அம்மனுக்கு அதில் தடை இருந்ததாகத் தெரியவில்லை. விழாக் கமிட்டிக்குத்தான் இருந்தது.

கமிட்டித் தலைவர் ஆதிநாராயணன், புளி மண்டிக்காரர்.

"சாமி பாட்டா? இதுலயா? எம்பேரன் தூக்கிப் போட்ட டப்பாடா இது."

"பேரன் வெளயாடுனதுதாண்ணே. பாடவும் பாடும்."

"எங்க வூட்டு மிக்சி கூடத்தான் பாடுது. அத்தயும் எத்தினு வந்து மேடையில வெக்கட்டுமா?"

கமிட்டி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. தலைவர் சொல்வதற்குச் சிரிப்பது அதன் முக்கியமான வேலை. ஒரு வருஷம் ஆலங்காயத்து ஒலிபெருக்கிக்காரரைப் பேசியாகிவிட்டது என்றார்கள். அடுத்த வருஷம் தலைவர் பேச்சுக்கே நேரம் போதவில்லை. அதற்கும் அடுத்த வருஷம் காரணம் எதுவும் கிடைக்காமல் கமிட்டி திண்டாடியபோது, பூசாரி, "அம்மாவையே கேட்டுடலாம்" என்றார்.

எங்களுக்குள் அது வழக்கம். அம்மன் தோளில் வலப்பக்கம் ஒரு பூ, இடப்பக்கம் ஒரு பூ ஒட்டி வைப்பார்கள். வலப்பக்கத்துப் பூ முதலில் விழுந்தால் சம்மதம்.

"வலது பக்கம் நல்லா அழுத்தி வை சாமி" என்றார் தலைவர், பக்தியோடு.

பூசாரியும் அழுத்தித்தான் வைத்தார். அவர் கையை எடுப்பதற்குள் வலப்பக்கத்துப் பூ விழுந்தது. என் கடைப் பூதான். காலையில் பறித்தது, வாடல் கிடையாது.

"நான்தான் அப்பவே சொன்னேனே, பையனுக்குக் குடுக்கணும்னு" என்று தலைவர் கமிட்டியைக் கடிந்துகொண்டார். கமிட்டி தலை குனிந்தது.

திருவிழாவன்று தீர்த்தகிரி குளித்து, வேட்டி கட்டி, டப்பாவை மஞ்சள் துணியில் சுற்றிக் கொண்டுவந்தான். ஒலிபெருக்கியில் ஒயர் சொருகினான். அம்மன் முன்னால் ஒலிக்கிற எதுவானாலும் மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் விடுவதில்லை என்பதை, பாட்டு நினைப்பிலேயே இருந்த அவன் மறந்துபோனான். பம்பைக்குத் தெளித்தார்கள், உடுக்கைக்குத் தெளித்தார்கள். ஆலங்காயத்துக்காரர் பல ஊர் பார்த்தவர். தன் பெட்டிகளின் மேல் முன்கூட்டியே தார்ப்பாய் போட்டிருந்தார்.

"புதுசு. மொத மொத வருது. நல்லா நனையட்டும்" என்று பூசாரி செம்போடு கவிழ்த்தார். திருகு வைத்த ஓட்டை வழியாகத் தண்ணீர் குடுகுடு என்று உள்ளே போனது.

தீர்த்தகிரி பதறிப்போய் விசையைத் தட்டினான். பாட்டு இரண்டு அடி எடுத்து வைத்தது. பிறகு ஒரே சுரத்தில் மாட்டிக்கொண்டு "ஙொய்ய்ய்ய்" என்று நின்றது. மாடு முக்குகிற மாதிரி ஒரு சத்தம். ஆலங்காயத்துப் பெட்டிகள் அதை மலை முழுக்கக் கொண்டுபோயின. அவன் அணைக்கப் போனான். அதற்குள் தலைவர் மனைவி அம்சவல்லிக்கு அருள் வந்துவிட்டது. கூந்தல் அவிழ ஆடினார்.

பூசாரி அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "நிறுத்தாத! அம்மா ஆடிக்கினு கீறா!"

"சாமி, இது பாட்டு இல்ல சாமி. மாட்டிக்கிச்சு."

"மாட்டுனா மாட்டட்டும், கைய எட்றா!"

அம்மன் வந்தது உண்மை. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எந்தச் சத்தத்துக்கு இறங்குவது என்பது அவள் இஷ்டம். அந்தப் பெருமை யாரைச் சேரும் என்பதில்தான் தலைவர் கொஞ்சம் அவசரப்பட்டார். மறுநாளே பஸ் ஸ்டாண்டில் பேனர் வந்தது. "தெய்வீக நாதம் தந்த எங்கள் தலைவரே!" டப்பாவின் படம் பெரிதாக, தலைவரின் படம் அதைவிடப் பெரிதாக. தீர்த்தகிரி படம் இல்லை, இடம் இல்லையாம்.

அவன் கடைக்கு வந்ததும் முதலில் டப்பாவின் முதுகில் சொருகியிருந்த, பாட்டு ஏற்றிய சின்னப் பிளாஸ்டிக் வில்லையை உருவித் துடைத்தான். அதற்குள் பொட்டு மாதிரி ஒரு பேட்டரி இருக்கிறது. அது செத்தால் பாட்டும் செத்தது. "கீதுக்கா, பாட்டு கீது" என்று பெருமூச்சு விட்டான். பிறகு ஸ்பிரிட்டை ஊற்றி டப்பாவைக் கழுவினான். ஸ்பிரிட் மஞ்சளாக வடிந்தது.

"ஏன்க்கா, அந்த ஙொய்ய்ய் வேண்டுதல்ல சேருமா?"

"என்னக் கேட்டா எப்பிடி? நீ பாட்டுன்னுதானே நேர்ந்துக்கின?"

"ஆமாம்" என்றான். பெங்களூர்க்காரர்களிடம் இன்னும் ஒரு வருஷம் பொறுக்கச் சொன்னான். அவர்கள் சிரித்திருப்பார்கள்.

அடுத்த திருவிழாவுக்கு ஓட்டையை ரப்பர் வைத்து அடைத்துக்கொண்டு வந்தான். பூசாரி செம்பைக் கவிழ்த்தும் டப்பா அசையவில்லை. பாட்டு எடுத்தது. நாலு தொண்டையும் சேர்ந்து, நிஜமாகவே அழகாக எடுத்தது. தலைவர் காதைப் பொத்தினார்.

"டேய் சில்வண்டு, இன்னாடா கீச்சு கீச்சுன்னு? போன வருஷம் வெச்சியே, அத்த வை."

"அது ரிப்பேருண்ணே."

"அம்மா வந்த சத்தத்த ரிப்பேர்ன்றியா? வாயக் கழுவுடா!" ஜனங்கள் பக்கம் திரும்பி, "ரப்பர வெச்சு அடைச்சிக்கினு வந்துருக்கான், பாருங்க. தீர்த்தம் உள்ள போவக் கூடாதாம்!" என்றார்.

ரப்பரை ஆளுக்கொரு கையாகப் பிடுங்கினார்கள். இந்தத் தடவை செம்பு இல்லை, குடம். "ஙொய்ய்ய்ய்" என்று வந்ததும் கூட்டமே கையெடுத்துக் கும்பிட்டது. அம்சவல்லி ஆடினார். தீர்த்தகிரி டப்பாவைப் பிடித்துக்கொண்டு, நனைந்த வேட்டியோடு நின்றான். அழுகிறானோ என்று பார்த்தேன். இல்லை, சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஆடி மாசம் முடிந்து ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம். கோயிலில் பூசாரியும் நாய் ஒன்றும்தான். நான் பூ கொடுக்கப் போயிருந்தேன். தீர்த்தகிரி புதிதாகத் தேற்றிய இன்னொரு டப்பாவோடு வந்தான்.

"சாமி, அம்மா முன்னால ஒரு பாட்டு வெக்கணும்."

"திருவிழா இல்லாமயா? சரி, இரு. மஞ்சத் தண்ணி..."

"எம்மேல ஊத்துங்க. டப்பா மேல வேணாம்." டப்பாவை என் பூக்கூடையில் வைத்துவிட்டுக் கண்ணை மூடி நின்றான்.

பூசாரி யோசித்தார். சாத்திரத்தில் தப்பு தென்படவில்லை போலும். அவன் தலையில் செம்பைக் கவிழ்த்தார். பிறகு தீர்த்தகிரி தன் கையைத் துடைத்துக்கொண்டு, ஒலிபெருக்கி இல்லாமல், டப்பாவின் சொந்தக் குரலிலேயே பாட்டை வைத்தான். கொலுசும் உடுக்கையும் தூரத்துப் பம்பையுமாக அது ஓடியது. என் கை தானாகக் குவிந்தது. பாட்டு முடிந்ததும் பூ கேட்கச் சொன்னான். வேண்டுதல் தீர்ந்ததா என்று கேட்டோம். வலப்பக்கம்தான் விழுந்தது. நாய் எழுந்து போனது.

"நல்லாத்தான் கீது" என்றார் பூசாரி. "ஆனா இத்தக் கேக்க எவன் வருவான்?"

அந்த வாரமே பெங்களூருக்குக் கிளம்பினான். வாணியம்பாடி பஸ்ஸில் சாமான்களை ஏற்றிக்கொண்டிருக்கும்போது தலைவர் ஓடி வந்தார்.

"ஆளு போறதுன்னா போ. சாமி டப்பாவ வெச்சிட்டுப் போ."

அவன் பையைத் திறந்தான். மஞ்சள் ஏறிப்போன அந்தப் பழைய டப்பாவை எடுத்து அவரிடம் கொடுத்தான். தலைவர் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்.

பஸ் கிளம்பியது. ஜன்னலில் தலையை நீட்டி, என்னைப் பார்த்துக் கத்தினான்.

"அக்கா, அடுத்த வருஷம் கொடமா ஊத்த வேணாம்னு பூசாரிகிட்ட சொல்லுங்க. ஒரு செம்பு போதும். ஜாஸ்தி ஊத்துனா சுதி ஏறிப்போவுது."