சுவரில் எறிந்து வென்ற பேஸ்பால்காரன்

ஒரு பழைய படமட்டைக்கு என்ன விலை கொடுத்தேன் என்று கேட்டுக் கேட்டு என் காதைத் தின்கிறீர்களே, உங்களுக்கெல்லாம் அடுப்பில் வைத்த கறி எரியாதா? சரி, விலை கேட்க வந்தவர்கள் முதலில் வாசத்தைக் கேளுங்கள். யாழ்ப்பாணத்தில் நான் சிறுமியாக இருந்தபோது "சுவிங்கம்" சுற்றிய தாளுக்குள் ஒரு நடிகரின் படம் அச்சிட்ட சின்ன அட்டை, படமட்டை, இருக்கும். சுவிங்கத்தைத் துப்பிய பிறகும் அது ஒரு கிழமைக்குச் சீனியும் ரோசாப்பூவுமாக மணக்கும். அந்த மட்டைகளை மதிலை நோக்கி எறிவோம். யாருடையது மதிலுக்குக் கிட்ட விழுகிறதோ, மற்றவரின் மட்டையும் அவருக்கே. புதுமட்டைக்கு எங்கள் ஒழுங்கையில், அந்தச் சின்னத் தெருவில், மதிப்பே இல்லை. மூலை மழுங்கி, நடுவில் மடிந்து, நடிகரின் மீசை பாதி அழிந்த மட்டைதான் "ராசா", ஏனென்றால் அது அத்தனை கைகள் மாறி, அத்தனை ஆட்டம் கண்டு வந்தது.

இதை மியூனிக்கில் பிறந்து வளர்ந்த என் பேரன் சுஜனுக்கு யார் விளங்கப்படுத்துவது? அவன் சேர்ப்பது அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர்களின் பழைய படமட்டைகள். அவற்றுக்கு ஒன்று முதல் பத்து வரை புள்ளி போட்டு, பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்து ஒட்டி விற்கிறார்களாம். கைபடாதது பத்து. பிள்ளைகள் ஆசையோடு விளையாடியது ஒன்று.

கீழ்வீட்டு வின்க்லர் ஐயாவிடம் அப்படிப் பெட்டிக்குள் அடைத்த ஒரு "ஒன்று" இருந்தது. அவர் சிறுவனாக இருந்தபோது அமெரிக்கச் சிப்பாய் ஒருவன் சுவிங்கத்தோடு கொடுத்ததாம். சுஜனின் தொகுப்பில் அந்த ஆட்டக்காரன் மட்டும்தான் இல்லை. அதைச் சுஜன் வருடக்கணக்காகத் தேடி அலைந்தவன். ஐயா விற்கச் சம்மதித்து எங்கள் மேசைக்கு வந்தார். நான் கோப்பி ஊற்றும் முன்பே இவன் பூதக்கண்ணாடியை எடுத்துவிட்டான்.

"அம்மம்மா, நாலு மூலையும் போச்சு. மடிப்பும் கிடக்கு. ஒண்டுக்கு உந்த விலை குடுக்கேலாது."

"எட கோதாரி விழுவானே, மாடு வாங்கிறவன் மாதிரிப் பல்லை எண்ணுறாய்! படத்தில இருக்கிற ஆளின்ர முகத்தைப் பாத்தியோ?"

"முகத்துக்குப் புள்ளி இல்லை, அம்மம்மா."

தமிழ் விளங்காவிட்டாலும் பூதக்கண்ணாடி விளங்குமே. ஐயா மட்டையைப் பெட்டியோடு சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, விற்பதாக இல்லை என்று எழும்பிவிட்டார். கேட்ட விலையைத் தருகிறேன் என்று சுஜன் ஜெர்மனில் கெஞ்சினான். அவர் கதவடிக்கே போய்விட்டார். எனக்கு வந்த எரிச்சலில், அந்த மடிப்பு எப்படி வந்தது என்று என் நொண்டி ஜெர்மனில் கேட்டேன். பள்ளிக்கூடச் சுவரில் எறிந்து விளையாடினோம் என்றார்.

"கேளடா சுஜன், என்னோட ஒரு ஆட்டம் போடுவாரோ எண்டு."

"அம்மம்மா, சும்மா இருங்கோ!"

சுவரை நோக்கி எறிவதுபோல் நான் காட்டிய சைகையே ஐயாவுக்குப் போதுமாக இருந்தது. சிரித்துக்கொண்டு திரும்பி வந்து, மட்டை இருந்த பெட்டியை மேசையில் வைத்து, நான் தேங்காய் உடைக்கிற கத்தியின் பின்பக்கத்தால் ஒரே போடாகப் போட்டார்.

"ஐயோ! பெட்டி உடைஞ்சால் புள்ளி செல்லாது!" என்று சுஜன் தலையில் கைவைத்தான்.

நான் பணயம் வைத்தது என் ஆஸ்பத்திரிக் காப்புறுதி அட்டை. ஐயாவின் மட்டை சுவருக்கு ஒரு சாண் இப்பால் நின்றது. என் அட்டை வழுக்கிக்கொண்டே போய்ச் சுவரோடு ஒட்டியது. பிளாஸ்டிக் வழுக்கும் என்று அந்தப் பாவி மனிதருக்குத் தோன்றவில்லை. எனக்கு முதலே தோன்றியிருந்தது. ஐயா இருமும்வரை சிரித்துவிட்டு, தன் மட்டையை என் உள்ளங்கையில் வைத்துப் பொத்தினார்.

எங்கள் ஒழுங்கை மதில் சண்டைக்காலத்தில் விழுந்தது. அதில் எறிந்த படங்களில் ஒன்றுகூட இன்று யாரிடமும் இல்லை. எந்தக் கடையிலும் அவற்றுக்குப் புள்ளி போடவும் ஆளில்லை.

அடுத்த ஞாயிறு பக்கத்து வீட்டுப் பவளம் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, "அக்கா, உண்மையைச் சொல்லுங்கோ, என்ன விலை?" என்று கேட்டாள்.

"விலை பெட்டிக்குத்தான், பிள்ளையள்," என்றேன். "பெட்டியைப் பேரனுக்குக் குடுத்திட்டன். ஆளை நான் வைச்சிருக்கிறன்."