வாரத்துக்கு ஒரு நாள் கூலி

பிள்ளையை விட வருகிறவர்கள் தொட்டிலக்காவிடம் முதலில் கேட்பது, "வாரத்துக்கு எவ்வளவுக்கா?" என்றுதான். அக்கா பதில் சொல்லாமல் இன்னொரு கேள்வி கேட்பார்.

"உனக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு கூலி?"

சிலருக்கு இது பிடிக்காது. சம்பளத்தைப் போய்க் கேட்கிறாளே என்று முகம் சுருங்கும். அக்கா அதற்கெல்லாம் அசைய மாட்டார். "ஆறு நாள் நான் பிள்ளையப் பாத்துக்கறேன். அதுல அஞ்சு நாள் கூலி உனக்கு, ஒரு நாள் கூலி எனக்கு. அவ்வளவுதான்." பதினோரு வருடமாக இதுதான் கட்டணம். சனிக்கிழமை சாயங்காலம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போகும்போது, மடித்த தாளை அவர் கையில் வைத்துவிட்டுப் போவார்கள். எதிரில் வைத்து எண்ணமாட்டார். ஒருத்தி கொடுப்பது இன்னொருத்திக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்று யாருக்கும் தோன்றியதும் இல்லை.

அதற்கு முன்னால் பதினாறு வருடம் அவர் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான் தைத்தார். பஞ்சுத்தூசி நெஞ்சில் இறங்கி, இருமல் நிற்காமல் போனபோது கணக்கு முடித்து அனுப்பிவிட்டார்கள். கணவர் அதற்கு முன்பே வேறு ஊரில் வேறு குடும்பத்தோடு இருந்தார். அவரைப் பற்றிக் கேட்டால், "நல்லாத்தான் இருக்கார்" என்பார், பழைய முதலாளியைப் பற்றிச் சொல்வதுபோல. தையல் வரிசையில் கூட வேலை பார்த்த பெண்கள் கைக்குழந்தைகளை அவரிடம் விட ஆரம்பித்தார்கள். அப்போது எல்லோருக்கும் ஒரே கூலி, அதனால் ஆளுக்கொரு நாள் என்று வைத்தார்கள். பிறகு வேறு வேறு வேலை பார்க்கிறவர்கள் வந்தார்கள். அக்கா விதியை மாற்றவில்லை.

தரைத்தளத்தில் ஒரு கூடமும் ஒரு சமையலறையும்தான் வீடு. கூடத்து உத்தரத்தில் மூன்று கொக்கி, மூன்று தொட்டில். சமையலறை வாசலில் இடுப்புயரப் பலகை ஒன்றை அடித்து வைத்திருந்தார், தவழ்கிறவர்கள் அடுப்புப் பக்கம் போகாமலிருக்க. சுவரில் ஆறு துணிப்பைகள். ஒவ்வொன்றிலும் ஒரு நிறப் பொத்தான். எழுத்துத் தெரியாத வயதிலேயே அவரவர் பொத்தான் அவரவருக்குத் தெரியும்.

நான் அந்த வீட்டு மாடி அறையில் வாடகைக்கு இருந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான்தான். கிராமத்தில் அப்பாவும் அம்மாவும் இன்றும் கூலிக்குப் போகிறார்கள். கூலி என்ற சொல்லைத் தாண்டி வரத்தான் படித்தேன் என்று சொல்லிக்கொள்வேன். வேலை ஒரு தணிக்கை அலுவலகத்தில். அடுத்தவர் கணக்கில் ஓட்டை கண்டுபிடிப்பதற்குச் சம்பளம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தார். அப்படி அவர் ஏறி வந்து நான் பார்த்ததில்லை. மேல்படியிலேயே உட்கார்ந்து இருமி முடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, வீட்டுக்காரர் வாடகைய ஏத்திட்டார். மாசம் ஆயிரத்து இருநூறு கூட வேணுமாம். இல்லன்னா காலி பண்ணணுமாம். இந்த வீட்ட விட்டா ஆறு பிள்ளைங்களையும் எங்க கொண்டு போவேன்? நீ படிச்ச ஆளு. ஒரு கணக்குப் போட்டுக் குடு."

யார் யார் எவ்வளவு தருகிறார்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கித்தான் சொன்னார். பேங்க் மேடம் தொள்ளாயிரம். நர்ஸ் எழுநூறு. துணிக்கடையில் நிற்கும் பெண் நானூறு. தொழிற்சாலைப் பெண்கள் இரண்டு பேரும் ஆளுக்கு முந்நூற்றைம்பது. பஸ் நிலையத்தைப் பெருக்குகிறவள் இருநூற்றைம்பது.

"என்னக்கா இது, ஒரே வேலைக்கு அஞ்சு விலை?"

"ஒரே விலைதான் தம்பி. ஒரு நாள்."

"வெளிய சொன்னா சிரிப்பாங்க. மத்த இடத்துல எல்லாம் என்ன வாங்கறாங்கன்னு பாத்துட்டு நாமளும் ஒரு ரேட்டு வைக்கணும்."

"நீ சொன்னா சரி" என்றார்.

அந்த வாரம் முழுவதும் மதிய இடைவேளையில் வெளியே போய் நின்று, பிள்ளை பார்க்கும் ஏழு இடங்களுக்குப் போன் செய்தேன். எனக்கு இரண்டு வயதில் ஒரு மகள் இருப்பதாகச் சொன்னேன். பெண்ணே பார்க்காதவன், ஆனால் ஏழாவது போனில், "அவளுக்கு வாய் கொஞ்சம் நீளம், பாத்துக்கங்க" என்று சொல்லும் அளவுக்கு அப்பாவாகிவிட்டேன். அந்த வாய்க்கு மாதிரி, பெருக்குகிறவளின் இளைய மகள். வாயாடி என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நான் படியிறங்கும்போதெல்லாம், "ஆபீசா? சாப்ட்டியா? செருப்பு எங்க?" என்று விசாரித்துத்தான் வெளியே விடுவாள்.

அட்டவணை தயாரானது. இடம், நேரம், சாப்பாடு உண்டா, வாரக் கட்டணம். குறைந்த கட்டணம் மேலே, கூடியது கீழே. முந்நூறில் ஆரம்பித்து ஆயிரத்து நூறில் முடிந்தது. அக்காவுக்கு ஐந்நூற்றைம்பது என்று வைத்தேன். ஆறு பேருக்கு வாரம் மூவாயிரத்து முந்நூறு. பழைய வரவைவிட முந்நூற்றைம்பது அதிகம், வாடகை உயர்வைத் தாண்டிக் கொஞ்சம் மிஞ்சும். எட்டு இடத்தில் அக்கா நான்காவது. இதைவிட நியாயமாக யாரும் கேட்க முடியாது என்று நினைத்தேன். ஆதாரம் இல்லாத எண்ணை எங்கள் அலுவலகத்தில் யாரும் மதிக்கமாட்டார்கள். அதனால் கடைசிப் பத்தியில் ஒவ்வொரு இடத்தின் போன் நம்பரையும் போட்டேன். எத்தனை பிள்ளைகள், பார்த்துக்கொள்ள எத்தனை பேர் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை. அப்படி ஒரு பத்தி என் அட்டவணையில் கிடையாது.

திங்கட்கிழமை காலை கதவில் ஒட்டினேன். அக்கா அதைத் தூரத்திலிருந்து பார்த்தார். "அழகாத்தான் இருக்கு" என்றார்.

பேங்க் மேடம் கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தார். "ஐநூத்தம்பதா? அப்ப இத்தனை நாளா நான் தொள்ளாயிரம் குடுத்திட்டிருந்தேனா?" சிரித்தார். "பரவால்லக்கா. பழச நான் திருப்பிக் கேக்கமாட்டேன்."

தொழிற்சாலைப் பெண்களில் ஒருத்தி சொன்னாள்: "என்னக்கா, ஒரு நாளு இப்ப ஒன்றரை நாளுக்கு மேல போயிடுச்சே. இப்படியே ஏறினா ஞாயித்துக்கெழமைக்கும் எங்களுக்கு வேலை கேட்டு வாங்கிக் குடுங்க." இன்னொருத்தி அவளை இடித்தாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், ஆனால் பிள்ளையை இறக்கிவிடும்போது முகம் அப்படி இல்லை.

பெருக்குகிறவள் கடைசியாக வந்தாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள். மேலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் பார்த்தாள். ஐந்நூற்றைம்பது அவளுக்கு இரண்டு நாள் கூலிக்கும் மேலே. சனிக்கிழமை முழுத்தொகையையும் கொடுத்துவிட்டுத்தான் மகளைத் தூக்கிக்கொண்டு போனாள். அடுத்த திங்கட்கிழமை வரவில்லை.

அக்கா பத்து மணிவரை கதவைச் சாத்தாமல் வைத்திருந்தார். "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருப்பா" என்று தானே சொல்லிக்கொண்டார். வாயாடியின் பச்சைப் பொத்தான் பையை எடுக்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத் தொழிற்சாலைப் பெண்தான் செய்தி கொண்டுவந்தாள்: பிள்ளை அந்த முந்நூறு இடத்தில் இருக்கிறாள்.

"நல்லா பாத்துக்கறாங்களாமா?" என்றார் அக்கா.

"தொந்தரவே இல்லையாம். நல்லாத் தூங்கறாளாம். வீட்டுக்கு வந்தும் தூங்கறாளாம்."

அக்கா மடித்துக்கொண்டிருந்த துணியை வைத்துவிட்டார். "யாரு, அவளா? மத்தியானம் அரை மணி நேரம் கண்ண மூட வைக்கறதுக்கே நான் படாத பாடு படுவேனே."

அன்று சாயங்காலம் என்னிடம் கேட்டார். "தம்பி, அந்த எடத்துக்கு ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வரட்டுமா?"

நான் வேண்டாம் என்றேன். "நீங்க போய் நின்னா, ஆள் இழுக்க வந்திருக்காங்கன்னு நினைப்பாங்கக்கா. அசிங்கம்." தொழில் முறை என்று ஏதேதோ விளக்கினேன். அவர் தலையாட்டிக்கொண்டே கேட்டார். போகவில்லை.

அடுத்த புதன்கிழமை வாயாடியை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு தெரிந்தது இவ்வளவுதான். அந்த இடத்தில் பதினெட்டுப் பிள்ளைகள், பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள். மதியம் எல்லோரையும் தூங்க வைக்கச் சளி மருந்து ஊற்றுவார்கள். அன்று ஒருத்தி ஊற்றியது தெரியாமல் இன்னொருத்தியும் ஊற்றிவிட்டாள். பிள்ளைக்கு மூச்சு கொஞ்ச நேரம் நின்றுபோயிருக்கிறது. நான்கு நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள். மற்றதெல்லாம் போகப் போகத்தான் தெரியும் என்றாராம் டாக்டர்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா புறப்பட்டார். நானும் போனேன். பஸ் நிலையத்துக்குப் பின்னால் வரிசையாகப் பத்து அறைகள், அதில் ஏழாவது. வாசலில் பதினொரு வயது மூத்த மகள் வாயாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றாள். வாயாடி எங்களைப் பார்த்தாள். செருப்பு எங்கே என்று கேட்கவில்லை. தொட்டிலக்கா வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டபோதும் அவளிடமிருந்து சத்தம் வரவில்லை.

"மூத்தவ பள்ளிக்கூடம் போகலயா?" என்று கேட்டார் அக்கா.

"இன்னிக்கு லீவுக்கா" என்றாள் பெருக்குகிறவள். பிறகு, "நாளைக்கும் போகமாட்டா. இவளப் பாத்துக்க ஆளு வேணுமில்ல. நிறுத்திட்டேன்" என்றாள். மூத்தவள் தங்கையை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. நான் என்ன, குடுத்தாத்தான் ஆச்சுன்னு நிப்பேனா?"

"உங்ககிட்டப் போயி எப்படிக்கா பேரம் பேசறது? எழுதி வேற ஒட்டிட்டீங்க." அவள் குரலில் கோபம் இல்லை. "எனக்கு வேற எந்த எடம் தெரியும்? உங்க கதவுல இருந்த நம்பருக்குத்தான் போன் பண்ணேன். அக்கா வீட்டுக் கதவுலயே எழுதி ஒட்டிருக்காங்கன்னா, அவங்களுக்குத் தெரிஞ்ச நல்ல எடமாத்தான் இருக்கும்னு நெனச்சேன்."

நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேன். அதை எழுதியது நான், நம்பரைப் போட்டது நான் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை.

"ஆமா, நான்தான் ஒட்டினேன்" என்றார். "இப்பக் கிழிச்சுட்டேன். நாளைக்கு இவளக் கொண்டுவந்து விடு. மூத்தவளப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பு."

"சும்மா வேணாம்க்கா."

"சும்மா யாரு சொன்னா? ஒரு நாள் கூலி."

அவர் அப்போது இன்னும் கிழித்திருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலேயே கிழித்தார். பசை நன்றாகப் பிடித்திருந்தது. கீழ்ப்பாதி மட்டும் கதவோடு நின்றது. நகத்தால் சுரண்டினார். நான் கத்தி கொண்டுவந்து கொடுத்தேன், வாங்கிக்கொள்ளவில்லை.

மறுநாள் ஆறு பேரிடமும் பழையபடி ஒரு நாள் கூலி என்று சொன்னார். தொழிற்சாலைப் பெண்களும் துணிக்கடைப் பெண்ணும் சரி என்றார்கள். பேங்க் மேடம் பிள்ளையை இறக்காமலே நின்றார்.

"அக்கா, நீங்களே ஐநூத்தம்பதுன்னு சொன்னீங்க. இப்ப மறுபடி தொள்ளாயிரமா? அவங்க இருநூத்தம்பது, நான் தொள்ளாயிரம். அவங்க பிள்ளைக்கும் சேத்து நான் ஏன் கட்டணும்?"

"நீங்களும் ஒரு நாள், அவளும் ஒரு நாள்" என்றார் அக்கா.

பதினோரு வருடத்தில் அவரிடம் யாரும் கேட்காத கேள்வி அது. கேட்பதற்கு வேண்டிய எண்களைக் கொடுத்தவன் நான். அந்த வாரக் கடைசியில் பேங்க் மேடம் என் அட்டவணையில் ஏழாவதாக இருந்த இடத்துக்குப் பிள்ளையை மாற்றினார். அங்கேயும் தொள்ளாயிரம்தான், ஆனால் அங்கே எல்லோருக்கும் தொள்ளாயிரம். நர்ஸும் கூடவே போனார். போகும்போது நர்ஸ் மட்டும் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க" என்றார்.

நான்கு பிள்ளைகள், வாரம் ஆயிரத்து முந்நூற்றைம்பது. புதிய வாடகை இருக்கட்டும், பழைய வாடகைக்கே போதாது. குறைகிற தொகையை நான் தருகிறேன் என்றேன். "உங்க அப்பா அம்மாவுக்கு அனுப்பு தம்பி" என்றார். அதில் குத்தல் இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

மாதக் கடைசியில் வீட்டைக் காலி செய்தார். பஸ் நிலையத்துக்குப் பின்னால் அதே வரிசையில் ஒன்பதாவது அறை. ஒரே அறை, ஒரே ஜன்னல். கூரை தகரம், கொக்கி மாட்ட உத்தரம் கிடையாது. பிள்ளைகளைப் பாயில் போடுகிறார். பஸ்களின் புகை உள்ளே வருவதால் ஜன்னலைச் சாத்தியே வைக்கிறார். அவர் இருமல் இப்போது தெருவிலிருந்தே கேட்கிறது. மூத்த பெண் பள்ளிக்கூடம் போகிறாள். இடையில் சில நாள் பாடம் விட்டுப்போனதால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போய்க் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். நன்றாகவே போடுகிறாள்.

வாயாடி இன்னும் பேசவில்லை. நடக்கிறாள், சாப்பிடுகிறாள், பெயர் சொன்னால் திரும்புகிறாள். ஆஸ்பத்திரியில் அடுத்த தேதி கொடுத்திருக்கிறார்கள். அக்கா நாள் முழுக்க அவளிடம் பேசிக்கொண்டே இருக்கிறார். "பாரு, பஸ்ஸு போகுது. எந்த ஊருக்குப் போகுது?" என்பார். அவள் பதில் சொல்வதற்கான நேரம் விட்டு, முகத்தைப் பார்த்துக் காத்திருப்பார். பிறகு ஒருமுறை இருமிவிட்டு அடுத்ததைக் கேட்பார்.